ஆடி மாசத்து அப்டேட்

கல்யாண வீடியோவை நம்பிப் பிழைக்கிறவனுக்கு ஆடி மாதம் என்பது, கடையை ஒட்டடை அடிக்கவும், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும், தை மாதத்திலேயே ஆல்பத்தை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்துக்கு "அடுத்த வாரம்" என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டுப் படியை மறுபடி ஏறி இறங்கவும் கடவுளாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்த மாதம். முகூர்த்தம் கிடையாது. மண்டபங்களில் பூட்டுத் தொங்கும். லைட் பிடிக்கும் பையன்கள் அவரவர் ஊர் அம்மன் கோயில் தீமிதிக்குப் போய்விடுவார்கள். எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பைப் போடுவதும் அந்த மாதத்தில்தான். வைகாசியிலும் ஆவணியிலும், டெலிவரி கேட்டு நாலு வீட்டார் தினம் போன் அடிக்கிற நேரத்தில், திரையின் மூலையில் "புதிய பதிப்பு தயார்" என்று அது எத்தனை தடவை தலைகாட்டினாலும் "பிறகு நினைவூட்டு" என்பதைத்தான் அமுக்குவோம். ஆடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை அரிக்கும், அமுக்கிவிடுவோம். உங்களுக்கும் இது தெரிந்த சங்கதியாகத்தான் இருக்கும். கல்யாண வீடியோ இல்லாவிட்டால் கடையில் கணக்கு எழுதும் மென்பொருள், அதுவும் இல்லாவிட்டால் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் போன். ராத்திரி படுக்கும்போது ஒரு முகம், விடிந்து பார்த்தால் வேறு முகம்.

போன ஆடியில் நான் அமுக்கினேன். மென்பொருளின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் அதில்தான் சோறு. ராத்திரி முழுக்க இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, காலையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்து உட்கார்ந்தால் திரை ஒரே கறுப்பு. முன்பெல்லாம் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு பொத்தானும் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கும், அமுக்கினால் அமுங்குவதாக ஒரு பாவனையாவது காட்டும். இப்போது எல்லாம் தட்டை, எல்லாம் மெல்லிய கோடு, எது பொத்தான் எது அலங்காரம் என்று தடவித்தான் பார்க்க வேண்டும். பிளேடு படம் இருந்த இடத்தில் ஏதோ நட்சத்திரம் மினுக்கியது. அதை அமுக்கினால், உங்கள் காட்சிகளை நானே தொகுத்துத் தரட்டுமா என்று கேட்கிறது. வலது கிளிக் செய்தால் மேலிருந்து ஐந்தாவதாக வரும், வேகத்தைக் குறைக்கும் கட்டளை. கண் பார்க்காமல் கையே போய் எடுத்துக்கொள்கிற அளவுக்கு ஊறிப்போன இடம் அது. அந்த ஐந்தாம் இடத்தில் இப்போது கிளவுடில் ஏற்றும் கட்டளை குடியேறியிருந்தது. ஆகவே அன்று காலை, மெல்ல மெல்ல மணமக்கள் தலையில் விழ வேண்டிய அட்சதை, ஏதோ தூரதேசத்து சர்வருக்குப் பிரயாணம் கிளம்பியது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னை உலுக்கியது டைட்டில்தான். எப்போதோ கல்யாணம் எடுத்துக்கொடுத்த ஒரு வீட்டில் இப்போது பேரனுக்குக் காதுகுத்து. அந்தக் கல்யாணத்து ஆரம்பத்தைக் கொஞ்சம் இதில் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பழைய ப்ராஜெக்டைத் திறந்தேன். நாதஸ்வரம் எழும்பியது, ரோஜா இதழ்கள் பறந்தன, அவற்றுக்கு நடுவிலிருந்து "திருமண வைபவம்" சுழன்று வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஜே, பி, பெரிய யூ, கே, இசட் என்று ஆங்கில எழுத்துகள் தங்க நிறத்தில் தகதகவென்று சுழன்று வந்து நின்றன. பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணில்தான் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் அதை ஆங்கிலம் என்றே நம்பிக்கொண்டிருக்கும், நாம் தமிழ் என்று படித்துக்கொண்டிருப்போம், இரண்டு பேருக்கும் சண்டை இல்லாமல் எத்தனையோ தம்பதிகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதிய பதிப்பு அந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. சரி, யூனிகோடில் அடிப்போம் என்று அடித்தால், செல்வன், செல்வி இருவருடைய கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. அமைப்புகளுக்குள் ஏழு கடல் ஏழு மலை தாண்டி, தெற்காசிய மொழிகளுக்கு என்று தனியாக ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறதாம், அதைத் தட்டிவிட்டால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடுமாம். கடைப் பையன்தான் யூடியூபில் பார்த்துச் சொன்னான்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதல். 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பு வரை உலகம் முழுக்கச் சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அதில் வெட்டிய 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியிருந்தது. ஏப்ரலில் லாஸ் வேகாஸில் முன்னோட்டம் காட்டியபோது கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜூனில் வாங்கிப் போட்டுப் பார்த்தவர்கள் முதல் வேலையாகத் தங்கள் பழைய ப்ராஜெக்டைத் திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. பழைய பதிப்பின் ப்ராஜெக்டைப் புதியது படிக்காது. பல கேமராக்களை ஒன்றாக ஓடவிட்டு வெட்டும் வசதி இல்லை. சவுண்டுக்காரருக்கு அனுப்பும் கோப்பு வடிவங்கள் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கடுக்காக இருந்த ட்ராக்குகளே இல்லை. பதிலுக்கு ஒரு காந்த டைம்லைன், பந்தியில் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தால் மற்றவர்களெல்லாம் இலையோடு நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிற மாதிரி, நடுவில் ஒரு ஷாட்டை எடுத்தால் பின்னால் இருப்பவை எல்லாம் தாமாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பழையதை அன்றைக்கே விற்பனையிலிருந்து எடுத்தும்விட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோனன் ஓபிரையன் நிகழ்ச்சியின் எடிட்டர்களே இதைக் கேலி செய்து ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். வீட்டுக் குழந்தைகள் விளையாடும் ஐமூவியைப் பெரிதாக்கி விற்கிறார்கள் என்று தொழில்காரர்கள் ஏசினார்கள்.

ஆப்பிள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழையது 32 பிட் அஸ்திவாரத்தில் நின்றது. கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி வாங்கிப் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்கு எட்டாது. பூசி மெழுகுவதைவிட இடித்துக் கட்டலாம் என்று முடிவு செய்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ராண்டி யுபிலோஸ் என்பவர்தான், அந்தப் பழைய ஃபைனல் கட்டையும் அதற்கும் முன்னால் அடோபி நிறுவனத்தில் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் முதல் பதிப்புகளையும் உருவாக்கியவர். வேறு யாராவது இடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம். வேறு மென்பொருள்களோடு ப்ராஜெக்டைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்எம்எல் வசதி அந்த செப்டம்பரிலும், பல கேமரா வசதி 2012 ஜனவரியிலும் திரும்பி வந்தன. இருந்ததை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து, கொடுக்கும்போது அதைப் புதிய வசதி என்று சொல்வது ஒரு தனிக் கலை. கடைசிச் சிரிப்பு தென்கொரியாவில் இருந்து வந்தது. 2019இல் வந்து உலகத்தையே மயக்கிய 'பாரசைட்' படத்தை எடிட்டர் யாங் ஜின்மோ வெட்டியது அந்தக் கைவிடப்பட்ட ஏழாம் பதிப்பில்தான். மனிதர் அப்டேட் பொத்தானை அமுக்கவே இல்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வந்தபோது, கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீடியோக்காரன் காரணமில்லாமல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஆனால் இப்படி ஆற்றாமைப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தோன்றும். என்னால் நொந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தொழில் கற்றுக்கொள்ளப் போனபோது எங்கள் தெருவில் எடிட்டிங் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வீடியோ மிக்ஸிங் செய்து தரப்படும்" என்று மஞ்சள் போர்டில் சிவப்பு எழுத்து. உள்ளே இரண்டு விசிஆர், ஒரு மிக்ஸர், இரண்டு டிவி, ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் எங்களுக்கு இல்லை, மிக்ஸருக்கு. ஒரு விசிஆரில் கல்யாணத்தில் எடுத்த கேசட், இன்னொன்றில் மாஸ்டர் கேசட். இதில் ஓடவிட்டு அதில் பதிவு செய்ய வேண்டும். காலையிலிருந்து ராத்திரி வரை அப்படியே பதிந்து, நிச்சயதார்த்தம் முடிந்து மாங்கல்யதாரணம் வரை வந்த பிறகு, "மாப்பிள்ளை அழைப்பில் சின்ன மாமா வரலியே" என்று வீட்டுக்காரர்கள் சொன்னால், நடுவில் இடம் விட்டு அவரைச் சொருக வழி கிடையாது. சின்ன மாமாவிலிருந்து கடைசிப் பந்தி வரை மறுபடி பதிய வேண்டும். அல்லது அந்தக் கேசட்டையே இன்னொரு கேசட்டுக்கு மாற்றி மாமாவைச் சேர்க்க வேண்டும். அப்படி ஒவ்வொரு கை மாறும்போதும் படம் கொஞ்சம் கரையும், பட்டுப் புடவையின் சிவப்பு கரையைத் தாண்டி வழியும். விசிஆரைப் பாஸில் போட்டுவிட்டு யோசிக்கவும் முடியாது, ஹெட் தேய்ந்துவிடக் கூடாது என்று சில நிமிடத்தில் அதுவே விடுத்துக்கொள்ளும். யோசனையெல்லாம் முதலிலேயே. இதனால் நாங்கள் ஞானிகளாக இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் சின்ன மாமாவை விட்டுவிட்டோம்.

மிக்ஸிங் யூனிட்டின் முதலாளியை மாஸ்டர் என்போம். கோடம்பாக்கத்தில் எடிட்டிங் டேபிளில் உதவியாளராக இருந்தவர், ஊரோடு வந்துவிட்டார். வெள்ளைக் கையுறை போட்டு பிலிமைத் தொட்டவர் என்பதால் கேசட்டை அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை, ஆனால் கணக்கு மட்டும் பிலிம் கணக்குத்தான். 35 எம்எம் பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், ஒரு விநாடிக்கு 24. ஆக ஒன்றரை அடி ஓடினால் ஒரு விநாடி. "அந்தப் பெரியம்மா திரும்பிப் பார்க்குறதுல ரெண்டு அடி எடுத்துடு" என்பார். கேசட்டில் அடியைக் கண்ணால் பார்க்க முடியாது. நான் மனசுக்குள் பெருக்கி வகுத்து, ஒரு விநாடியும் கொஞ்சமும் என்று குத்துமதிப்பாக எடுப்பேன். சரியாகத்தான் இருக்கும், பெரியம்மாவின் முகத்தில் இருந்த அந்த அநாவசியமான சந்தேகம் போயிருக்கும். வீடியோவில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதில் அவருக்குக் கடைசிவரை ஒரு முணுமுணுப்பு உண்டு. "இந்த ஒரு ஃபிரேமை யாருக்குக் குடுக்குறான்?"

அவரிடம் இருந்து நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது எவ்வளவோ. இருபது வயதில் நான் கற்றுக்கொண்டது, ஒரு காட்சியைத் துடைத்து அடுத்த காட்சியைக் கொண்டுவரும் வைப் மிக்ஸரில் எத்தனை இருக்கிறது என்பதை. இதயம், நட்சத்திரம், ஜன்னல் பலகை, நாலு மூலையிலிருந்தும் மூடும் சதுரம் எல்லாவற்றையும் ஒரே கல்யாணத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு லட்சியம். மணப்பெண் சிரித்தால் இதயம் திறக்கும். சமையல்காரர் சாம்பார் அண்டாவைக் கிளறினாலும் இதயம்தான் திறக்கும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். வீட்டுக்காரர்கள் என் பக்கம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை இதயம் வந்தது என்று எண்ணிக்கொண்டு வந்து கேட்ட காலம் அது. மாப்பிள்ளையும் பெண்ணும் சுவிட்சர்லாந்து மலை அடிவாரத்தில், இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல், மிதந்து போவார்கள். மலை காலண்டரில் இருந்து எடுத்தது. எல்லாம் முடிந்து "மிக்ஸிங்" என்று போட்டு என் பெயர் வரும். அது திரையில் நிற்கும் நேரம், பெண்ணைப் பெற்றவர்கள் பெயர் நிற்கும் நேரத்தைவிட அதிகம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 2000க்குப் பின் இரண்டு மூன்று வருடங்களில் மினிடிவி கேமராக்கள் எங்கள் ஊர் வரை வந்து, கேப்சர் கார்டு, ஃபயர்வயர் கேபிள் என்று வார்த்தைகள் கடைக்குள் நுழைந்தன. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 13 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கே 40 ஜிபி. ஒரு கல்யாணம் ஏறினால் இன்னொரு கல்யாணம் இறங்க வேண்டும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் நின்றுவிடும், அதாவது இருபது நிமிடத்துக்குள், அதுவும் சரியாக முகூர்த்த நேரத்தில் நிற்கும். அந்தக் காலத்தில் எந்த ஊரில் எந்த ஸ்டூடியோ மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் ரிச்சி தெருப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம்.

நான்தான் வற்புறுத்தி வாங்க வைத்தேன். சின்ன மாமாவை எங்கே வேண்டுமானாலும் சொருகலாம் மாஸ்டர், பின்னால் இருப்பது தானாக நகரும், படம் கரையவே கரையாது என்று நான் மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்ட, அவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்று பார்த்தார். ரீவைண்ட் பண்ணாமலேயே நேரே வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "சுத்திக்கிட்டு போறப்பதான்டா வேற ஒண்ணு கண்ணுல படும்" என்றார். அவர் வால்டர் மர்ச்சின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். டிஜிட்டலில் வெட்டிய படத்துக்கு முதன்முதலாகப் படத்தொகுப்பு ஆஸ்கர் வாங்கியவர் மர்ச், 1996இல் வந்த 'தி இங்கிலிஷ் பேஷன்ட்'டுக்காக. அவருமே, பிலிம் டேபிளில் சுருளை ஓட்டித் தேடும்போது தேடாத நல்ல காட்சி தட்டுப்படும், கம்ப்யூட்டர் கேட்டதை மட்டும் கொண்டுவந்து கொடுக்கும் என்று எழுதியிருக்கிறார். எழுதியவர் பிலிமுக்குத் திரும்பிவிடவில்லை. 2003இல் 'கோல்ட் மவுன்டன்' படத்தை ஃபைனல் கட்டில் வெட்டினார். எங்கள் மாஸ்டர் திரும்பினார். கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டு, மாடியில் இரண்டு விசிஆரோடு கேசட்டுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் சிடி கேட்கத் தொடங்கும் வரை.

அந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு சுகம் இருந்தது, அதன் பெயர் ரெண்டர். ஒரு வைப் போட்டாலே சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்த இடமெல்லாம் ரெண்டர் ஆகாமல் ஓடாது. ரெண்டரில் போட்டால் ஒரு பட்டை மெல்ல நிரம்பும், இன்னும் எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் ஒரு கணக்கு காட்டும். இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, அரை மணி கழித்து மூன்று மணி நேரம் என்று சொல்லும் அந்தக் கணக்கை நாங்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, டீக்கடைக்கு. டிகிரி காப்பிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு டீக்கடை என்கிறானே என்று நினைக்கலாம். காப்பி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ரெண்டருக்கு டீக்கடை பெஞ்சுதான் தோது. பெஞ்சில் ஸ்டில்ஸ்காரர் இருப்பார், பக்கத்துத் தெரு மிக்ஸிங்காரரும் அவருடைய ரெண்டருக்காக வந்திருப்பார். தினத்தந்தியின் நடுப்பக்கம் கை மாறும். யார் வீட்டுக் கல்யாணத்தில் எவ்வளவு பேசி எவ்வளவு கொடுத்தார்கள் என்று தொடங்கி உலகம் முழுக்கச் சுற்றி வருவோம். அப்படி அசிரத்தையாக இருக்கும்போதுதான் திடீரென்று உறைக்கும், தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் கொஞ்சம் முந்திவிட்டது என்று. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உறைக்காதது.

இன்றைக்கு ரெண்டர் உண்டு, ஆனால் நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதிவேகக் கார்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். எழுந்திருக்கக் காரணமே இல்லை. டாக்டர்தான் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார், அதற்கு என் கைக்கடிகாரம் நினைவூட்டுகிறது.

சேவ் பொத்தானும் அப்படியே போயிற்று. இளையவர்களுக்கு இது விளங்காது; 2012 மின்வெட்டை எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து கழித்தவர்களைக் கேளுங்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்று பேப்பரில் போடுவார்கள், எங்களுக்கு எப்போது வரும் என்றுதான் பேச்சு, எப்போது போகும் என்று இல்லை. யூபிஎஸ் கீ கீ என்று கத்தத் தொடங்கினால் சில நிமிடம் அவகாசம், பேட்டரி கிழடாக இருந்தால் அதுவும் இல்லை. ஒரு வெட்டு, ஒரு கன்ட்ரோல் எஸ். ஒரு டைட்டில், ஒரு கன்ட்ரோல் எஸ். எந்த மந்திரத்தையும் நான் அத்தனை உருப்போட்டதில்லை. சுண்டுவிரல் இன்றைக்கும் அந்த மூலையிலேயே காத்துக்கிடக்கிறது. புதிய பதிப்பில் சேமிப்பதெல்லாம் தானாக நடக்கிறது, அமுக்கினால் ஒன்றும் ஆவதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஒன்றும் தொலைவதில்லை. ஆனால் நான் செய்த கோமாளித்தனங்களும் சேர்ந்தே பத்திரமாகிவிடுகின்றன. கரண்ட் போய், நேற்றைய சேவிலிருந்து மறுபடி வெட்ட நேர்ந்தபோதெல்லாம், இரண்டாவது தடவை வெட்டியது முதலாவதைவிட நன்றாக வந்தது என்பதைச் சொன்னால் மின்வாரியத்துக்குச் சாட்சி சொல்வதாகிவிடும்.

வாடகை விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், பேசினால் வயிறு எரியும். 2013இல் அடோபி தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனி மொத்தமாக விற்பதில்லை, சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. அதன் பின் ஊரே அந்த வழியில் திரும்பிவிட்டது. ரிச்சி தெருவை நோக்கிக் கை காட்டிய தலைமுறை இப்போது மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறது. திருந்திவிட்டோம் என்று சொல்லலாம், வேறு வழி இல்லை என்றும் சொல்லலாம்.

புதிய பதிப்பின் உண்மையான பெருமை அந்த நட்சத்திரப் பொத்தான்தான் என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் அமுக்க விட்டேன். முகங்களைத் தானே அடையாளம் கண்டு, முக்கியமானவர் யார் என்று தானே முடிவு செய்து, ஒரு நிமிட வீடியோவாகத் தானே வெட்டித் தரும் என்றான். வெட்டித் தந்தது. கல்யாணத்தின் கதாநாயகன் ஐயர். அவர்தானே எல்லா ஷாட்டிலும் இருக்கிறார்? ஹோமப் புகையில் ஐயர், மந்திரம் சொல்லும் ஐயர், பூணூலைச் சரிசெய்யும் ஐயர், செல்போனில் அடுத்த முகூர்த்தத்தைப் பேசும் ஐயர். ஓரத்தில் யாரோ ஒரு பையன் யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான். அடுத்து அதை நெட்டுவாக்கில் படமாக்கு என்றோம், இப்போது எல்லாம் ரீல்ஸ்தானே. இரண்டு பக்கத்தையும் நறுக்கியதில் தவில்காரர் தப்பினார், நாதஸ்வரக்காரர் போய்விட்டார். சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேர கேசட் போட்டு, மொய் எழுதும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குடும்பமே உட்கார்ந்து விசாரணை நடத்திய காலத்தில், நான் அதை வம்பு என்று நினைத்து அந்தக் காட்சிகளை ஓட்டிவிடப் பார்ப்பேன். "அதுல கை வைக்காதே, அதைத்தான் பார்ப்பாங்க" என்று மாஸ்டர் தடுப்பார். நட்சத்திரப் பொத்தானுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த ஆவணியில் ஒரு பெண் வந்தாள், பெங்களூரில் வேலை. அவள் அம்மாவின் கல்யாணத்துக்கும் எங்கள் யூனிட்டில்தான் மிக்ஸிங் செய்தது. அம்மாவின் கேசட்டை எங்கோ கொடுத்து டிஜிட்டலாக மாற்றி, போனில் வைத்திருந்தாள். "அங்கிள், என் ரீல் இதே மாதிரி இருக்கணும். இதே கலர், இதே கோடு. அந்த ஹார்ட்டும் வேணும்" என்றாள். நான் இத்தனை வருடம் ஸ்பிரிட்டும் மான்தோலும் வைத்து ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் போக்கப் பாடுபட்ட கோடு. அது இப்போது எஃபெக்ட் பட்டியலில் இருக்கிறது, சந்தாவுக்கு மேல் தனிக்காசு. இதயமும் அப்படித்தான், புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்கள், பழங்காலத் தொகுப்பு என்ற பெயரில் வெளியே விற்கிறது. இரண்டையும் வாங்கினேன். சாம்பார் பரிமாறும் இடத்தில் இதயத்தைத் திறக்கலாமா என்று கேட்டேன், அவள் கைகொட்டிச் சிரித்து, அவசியம் திறங்கள் என்றாள்.

பையன் கோட்டைப் போட்டு, மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கோடு நடுவுல ஓடட்டுமா?"

"நடுவுல ஓடுனா அது டிராக்கிங் கெட்ட கேசட்டு. நாம அப்படி டெலிவரி குடுத்ததே இல்ல. அடியில மட்டும் சின்னதா இழுக்க விடு. புடவைச் சிவப்பு வலது பக்கமா கொஞ்சம் வழியணும்."

"எவ்வளவு நேரம்ணே இழுக்கணும்?"

"ரெண்டு அடி" என்றேன்.

அவன் மௌஸை எடுத்துக்கொண்டு, அந்தக் கறுப்புத் திரையில் அடி எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.